3 கோர் கேபிளைக் கான்ட்யூட் பைப்புக்குள் விடலாமா, கூடாதா?

புதுவீடு மேலூர்:
வணக்கம். மேலூர் பக்கம் 1,200 சதுர அடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். தளம் போட்டாயிற்று. கான்கிரீட்டுக்கு முன்பே தளத்தில் முக்கால் இன்ச் பைப்பும் ஃபேன் பாக்ஸும் கட்டிவிட்டார்கள். அடுத்த வாரம் சுவரில் காடி வெட்டப் போகிறார்கள்.

எங்கள் எலக்ட்ரீஷியன், லைட், ஃபேன் எல்லாம் வழக்கம்போலத் தனித்தனி வயர்தான் என்கிறார். ஆனால் இரண்டு ஏசி, கீஸர், போர்வெல் மோட்டார் ஆகியவற்றுக்கு மட்டும் மேலே உறை போட்ட 3 கோர் கேபிளையே (ஒரே உறைக்குள் மூன்று வயர்) பைப்புக்குள் இழுத்துவிடலாம் என்கிறார். "உள்ளே ஒரு இன்சுலேஷன், வெளியே ஒரு உறை, இரட்டைப் பாதுகாப்பு" என்பது அவர் வாதம். அப்பாவுக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இதைக் கேட்டதுமே மறுத்துவிட்டார். உறை போட்ட கேபிள் பைப்புக்குள் போனால் சூடு வெளியேற வழியில்லாமல் உருகிவிடும், விதிமுறைப்படியும் அது தப்பு என்கிறார்.

இருவரில் யார் சொல்வது சரி? காடி வெட்டிப் பூசிவிட்டால் பிறகு எதையும் மாற்ற முடியாது. அதனால்தான் இப்போதே கேட்கிறேன்.

வயர்மேன் பொள்ளாச்சி:
தம்பி, விதிமுறைப்படி தப்பு என்பது சரியில்லை. தாராளமாக விடலாம். ஆனால் "விடலாம்" என்பதும் "விட வேண்டும்" என்பதும் வேறு வேறு. உங்கள் எலக்ட்ரீஷியன் சொல்லும் இரட்டைப் பாதுகாப்பு வீட்டுக்குள் சுவரில் புதைந்த பைப்புக்குத் தேவையே இல்லை. பைப்தான் அங்கே வெளிப் பாதுகாப்பு. அதற்குள் இன்னொரு உறையைத் திணிப்பதால் பைப்பில் இடம்தான் போகும்.

உண்மையான சிக்கல் சூடு இல்லை, இழுப்பதுதான். தனி வயர் மூன்றை ஒன்றாகக் கட்டி இழுத்தால் வளைவில் ஒவ்வொன்றும் தனக்கு வசதியாக நகர்ந்து கொடுக்கும். 3 கோர் ரவுண்ட் கேபிள் அப்படிக் கொடுக்காது. பெண்டில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு பெண்டுக்கு மேல் இருந்தால் இரண்டு ஆள் தொங்கினாலும் வராது. வெறி கொண்டு இழுத்தால் உறை நீளும், உள்ளே இருக்கும் செம்பும் நீண்டு மெலியும்.

இன்னொன்று, பத்து வருடம் கழித்து ஒரு வயர் பழுதானால் பழைய வயரை வெளியே எடுத்துப் புதியதைப் போடத்தான் பைப்பே பதிக்கிறோம். எடுக்க முடியாதபடி அடைத்துவிட்டால், பைப் போட்டதற்கு அர்த்தமே இல்லை. அதற்கு நேரடியாகச் சுவரில் வைத்துப் பூசிவிட்டுப் போகலாமே.

கரண்ட் கணக்கு:
பெரியவர் சொல்லும் சூடு விஷயத்தை எண்களை வைத்தே பார்த்துவிடலாம். பயத்தில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

ஐஇசி 60364 என்ற சர்வதேச மின்தரத்தில் கேபிளை எப்படிப் பதிக்கிறோம் என்பதைப் பொறுத்து அது தாங்கும் கரண்டுக்கு அட்டவணைகள் உண்டு. 2.5 ஸ்கொயர் (சதுர எம்எம்) செம்பு, பிவிசி இன்சுலேஷன், சுற்றுப்புற வெப்பம் 30 டிகிரி, சுமை ஏறும் கடத்திகள் இரண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் உள்ள பைப்பில் தனித்தனி வயராகப் போனால் 24 ஆம்பியர். அதே பைப்பில் உறை போட்ட கேபிளாகப் போனால் 23 ஆம்பியர். பைப்பே இல்லாமல் சுவர்மேல் கிளிப் அடித்துப் போனால் 27 ஆம்பியர். ஆக, பைப்புக்குள் போவதால்தான் 27இலிருந்து இறங்குகிறது. உறை கூடுதலாகக் குறைப்பது ஒரே ஒரு ஆம்பியர். 4 ஸ்கொயருக்கு அதே வரிசையில் 32, 30, 36.

இனி நம் ஊர் வெயில். 40 டிகிரிக்கு 0.87ஆல் பெருக்க வேண்டும். 23 ஆம்பியர் 20 ஆகிவிடும். 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி ஓடும்போது எடுப்பது சுமார் 7 அல்லது 8 ஆம்பியர். 2 கிலோவாட் கீஸர் 9 ஆம்பியருக்குள். 3 கிலோவாட் என்றாலும் 13தான். 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) போட்டால் கேபிளுக்கு எந்த ஆபத்தும் இல்லை.

ஆபத்து எங்கே வருகிறது என்றால், "காடி ஒன்றுதானே, மூன்றையும் ஒரே பைப்பில் விட்டுவிடு" என்று சொல்லும்போதுதான். மூன்று சர்க்யூட் ஒரே பைப்பில் சேர்ந்தால் 0.70ஆல் பெருக்க வேண்டும். 23 × 0.87 × 0.70 என்றால் 14 ஆம்பியர். இப்போது 16 ஆம்பியர் எம்சிபி அந்தக் கேபிளைக் காப்பாற்றாது. கவனியுங்கள், தனி வயராக இருந்தாலும் இதே கதைதான். அதுவும் 14.6க்கு இறங்கிவிடும். குற்றம் உறையில் இல்லை, கூட்டத்தில் இருக்கிறது.

விதிமுறை பற்றியும் ஒரு வார்த்தை. அதே தரத்தில் எந்த வகை வயரை எப்படிப் பதிக்கலாம் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. உறையில்லாத வயருக்குத்தான் பைப்போ டிரங்கிங்கோ (மூடி போட்ட வயர்ப் பெட்டி) கட்டாயம். உறை போட்டதைப் பைப்பிலும் விடலாம், பைப் இல்லாமலும் விடலாம். அப்பாவின் நண்பர் நினைப்பதற்கு நேர் எதிர்.

புதுவீடு மேலூர்:
நன்றி சார், அண்ணா. எண்களோடு சொன்னதால் அப்பாவிடம் காட்ட வசதியாக இருக்கிறது. அப்படியானால் ஒரு பைப்பில் எவ்வளவு வரை அடைக்கலாம் என்பதற்கும் ஏதாவது அளவு இருக்கிறதா? எங்களிடம் இருப்பது 20 எம்எம் பைப்தான். சுவருக்கு 25 வாங்கலாமா என்று யோசிக்கிறோம்.

கரண்ட் கணக்கு:
அமெரிக்க மின்விதித் தொகுப்பில் உள்ள கணக்கு எளிமையானது. பைப்பின் உள்பரப்பில் ஒரே கேபிள் என்றால் 53 சதவீதம் வரை, இரண்டு என்றால் 31, மூன்றும் அதற்கு மேலும் என்றால் 40. இரண்டுக்கு மட்டும் ஏன் குறைவு என்று கேட்பார்கள். இரண்டு உருண்டைக் கேபிள் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, வளைவில் பைப்பின் அகலத்தையே அடைத்துக்கொள்ளும். மூன்றாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கொஞ்சம் ஒழுங்காக அமர்ந்துகொள்ளும்.

20 எம்எம் என்பது வெளிவிட்டம். உள்ளே சுமார் 17 எம்எம் கிடைக்கும், பரப்பு 227 சதுர எம்எம். 25 எம்எம் பைப்பில் உள்ளே சுமார் 21, பரப்பு 346. (ஹெவி, மீடியம் பைப்பைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும்.)

2.5 ஸ்கொயர் தனி வயர் ஒன்றின் வெளிவிட்டம் 4 எம்எம் என்று வைத்தால், மூன்றுக்கும் சேர்த்து 38 சதுர எம்எம். அதே 2.5 ஸ்கொயர் 3 கோர் ரவுண்ட் கேபிள் 10 எம்எம் விட்டம் என்றால் 78 சதுர எம்எம். அதே செம்பு, அதே கரண்ட், இரண்டு மடங்கு இடம். 20 எம்எம் பைப்பில் அந்தக் கேபிள் ஒன்று போகும், 35 சதவீதம்தான். இரண்டாவதை நுழைத்தால் 69. 25 எம்எம் பைப்பிலும் இரண்டு சேர்ந்தால் 45 சதவீதம் ஆகிவிடும், இரண்டுக்கான 31ஐத் தாண்டிவிட்டது. தனி வயர் என்றால் இரண்டு சர்க்யூட், ஆறு வயர், 20 எம்எம் பைப்பிலேயே 33 சதவீதத்தில் அடங்கும்.

ஃப்ளாட் கேபிளுக்கு இன்னொரு நுணுக்கம். அதன் தட்டையான பரப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அகலப் பக்கத்தையே விட்டமாகக் கொண்ட ஒரு வட்டமாகத்தான் எண்ண வேண்டும். 12 எம்எம் அகலம் என்றால் 113 சதுர எம்எம். 20 எம்எம் பைப்பில் அது ஒன்றே பாதி இடத்தைப் பிடித்துவிடும்.

வயர்மேன் பொள்ளாச்சி:
சார் சொன்ன கணக்கு சரிதான். ஆனால் கணக்கில் போகும் கேபிள் எல்லாம் கையில் போகாது. 35 சதவீதம் என்று நம்பி 20 எம்எம்மில் 3 கோர் விட்டால், நேர் ஓட்டத்தில் போகும். நடுவில் கடையில் விற்கும் ரெடிமேட் எல்போ (சட்டென்று திரும்பும் வளைவுத் துண்டு) இரண்டு இருந்தால் அவ்வளவுதான்.

எல்போ வேண்டவே வேண்டாம். பெண்டு போடுங்கள், இல்லையென்றால் பைப்புக்குள் ஸ்பிரிங் விட்டுப் பெரிய வளைவாக வளைக்கச் சொல்லுங்கள். கேபிளின் விட்டத்தைப் போல ஆறு மடங்காவது வளைவின் ஆரம் இருக்கட்டும். ஒரு பாக்ஸிலிருந்து அடுத்த பாக்ஸ் வரை நான்கு நேர்வளைவுக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்கக்காரர்கள் வைத்திருக்கிறார்கள், மொத்தம் 360 டிகிரி. நான் உறை போட்ட கேபிளுக்கு இரண்டோடு நிறுத்துவேன். மூன்றாவது வளைவு வருகிறதென்றால் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ்.

ஃப்ளாட் கேபிள் பற்றி யாரும் சொல்லாத ஒன்று. அது தட்டைப் பக்கமாக மட்டும்தான் வளையும், விளிம்புப் பக்கமாக வளையாது. பைப் ஒரு பெண்டில் மேலே திரும்பி, அடுத்த பெண்டில் பக்கவாட்டில் திரும்பினால் கேபிள் நடுவில் முறுக்கிக்கொள்ள வேண்டும். நீளமான இடைவெளி இருந்தால் முறுக்கும், அடுத்தடுத்து இருந்தால் சிக்கும்.

இழுக்கும்போது முதலில் ஒரு துணியைக் கட்டி இழுத்துப் பைப்பைத் துடையுங்கள். சிமெண்ட் பாலும் தண்ணீரும் உள்ளே நிற்கும். அப்புறம் கேபிள் முனையில் உறையை அரை அடி உரித்து, உள்ளிருக்கும் வயரை ஃபிஷ் வயர் (பைப்புக்குள் விட்டு இழுக்கும் கம்பி) கொக்கியில் கட்டி, மேலே டேப்பைக் கூம்பாகச் சுற்றி இழுக்க வேண்டும். வழுக்குவதற்கு டால்கம் பவுடர் போதும். கிரீஸ், எஞ்சின் ஆயில் எல்லாம் பிவிசியைக் கெடுக்கும்.

டோர்ட்முண்ட் தமிழன்:
நான் ஜெர்மனியில் வீட்டு மின்வேலை செய்பவன், ஊர் யாழ்ப்பாணம். இங்கே நிலைமை தலைகீழ் என்பதால் எழுதுகிறேன். இங்கு வீட்டு வயரிங் முக்கால்வாசியும் உறை போட்ட கேபிளிலேதான். என்ஒய்எம் என்று ஒரு சாம்பல் நிறக் கேபிள். பெரும்பாலும் பைப்பே இல்லாமல் சுவரில் வைத்துப் பூச்சுக்குள் மறைத்து விடுவோம். அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. மூலையிலிருந்து, கதவு நிலையிலிருந்து, கூரையிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள்தான் கேபிள் ஓட வேண்டும் என்று ஒரு தரம் சொல்கிறது. சுவரின் நடுவே குறுக்காக ஓட விட மாட்டோம். அதனால் பின்னாளில் ஆணி அடிப்பவனுக்கும் எங்கே அடிக்கக் கூடாது என்று தெரியும்.

ஆனால் அதிர்வுக் கருவி போட்டு இறுக்கும் கான்கிரீட்டுக்குள் அந்தக் கேபிளை நேரடியாகப் புதைக்க அனுமதி இல்லை. அங்கே வெறும் பைப்பைப் போட்டுவிட்டு, பிறகு அதற்குள் கேபிளை இழுப்போம். அதாவது நீங்கள் கேட்கும் அதே வேலையை இங்கு தினமும் செய்கிறோம். ஒரு பைப்புக்கு ஒரு கேபிள். பைப் தாராளமான அளவு. அவ்வளவுதான்.

ஒன்று கேட்கலாமா? நீங்கள் சொல்லும் 3 கோர் கேபிளின் உள்நிறங்கள் என்ன? இங்கே பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள். பச்சை-மஞ்சளை ஏர்த் தவிர வேறெதற்கும் தொடவே கூடாது.

புதுவீடு மேலூர்:
இன்று கடையில் போய்ப் பார்த்தேன் அண்ணா. ஃப்ளாட் கேபிளுக்குள் சிவப்பு, மஞ்சள், நீலம். ரவுண்ட் கேபிளில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று சிவப்பு, கறுப்பு, பச்சை. இன்னொன்று சிவப்பு, மஞ்சள், நீலம். எலக்ட்ரீஷியன் கேட்டது ஃப்ளாட். கீஸருக்கும் அதையே போட்டு மஞ்சளை எர்த் ஆக்கிக்கொள்ளலாம் என்றார்.

டோர்ட்முண்ட் தமிழன்:
அதைச் செய்ய விடாதீர்கள். தயவுசெய்து.

கரண்ட் கணக்கு:
நானும் அதையே சொல்கிறேன், கொஞ்சம் விளக்கமாக. சிவப்பு, மஞ்சள், நீலம் என்பது மூன்று பேஸுக்கான நிறங்கள். நம் ஊரில் நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. நாளை வேறொரு எலக்ட்ரீஷியன் கீஸர் பாயிண்டைத் திறக்கிறார். மஞ்சளைப் பார்த்தால் அதைப் பேஸ் என்று நினைப்பார், அல்லது நீலத்தை நியூட்ரல் என்று ஊகிப்பார். ஊகம் தவறினால் கீஸரின் உலோக உடம்பில் 230 வோல்ட். குளிக்கிற இடம் அது.

இந்தச் சிக்கலுக்கும் பைப்புக்கும் சம்பந்தமில்லை, ஆனால் இந்த இழையில் இதைவிட முக்கியமான விஷயம் வேறில்லை என்று நினைக்கிறேன். ஃப்ளாட் கேபிள் மோட்டாருக்காகச் செய்யப்பட்டது. வீட்டுக்குள் அது வேண்டாம். உறை போட்டதுதான் வேண்டும் என்றால் சிவப்பு, கறுப்பு, பச்சை உள்ள ரவுண்ட் கேபிள் வாங்குங்கள், ஐஎஸ் 694 முத்திரை பார்த்து. எது போட்டாலும் டிபியில் (வீட்டின் சுவிட்ச் பெட்டி) 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) இருக்கட்டும்.

யாழ்வாசி:
இலங்கையில் நாங்கள் செய்வது டோர்ட்முண்ட் அண்ணை சொல்வதற்கும் தமிழ்நாட்டு முறைக்கும் நடுவே இருக்கிறது. இங்கே உறை போட்ட இரட்டைக் கேபிளைக் கொண்டியூட்டுக்குள் விடுவது சாதாரணம். லைற்றுக்கு 1/1.13, பிளக் பொயின்ற்றுக்கு 7/0.67 என்று கடையில் கேட்போம். 7/0.67 என்பது உங்கள் 2.5 ஸ்கொயர்தான், 0.67 மில்லிமீற்றர் கம்பி ஏழு. அதனோடு பச்சை ஏர்த் வயர் தனியாகக் கூட வரும். எங்கள் வீட்டில் சுவரின் மேல் கேசிங் அடித்த பகுதியில் இந்தக் கேபிளை எடுத்து மாற்றுவது சுலபம். சுவருக்குள் புதைத்த கொண்டியூட்டில் எடுப்பதுதான் பெரும் பாடு. பொள்ளாச்சி அண்ணை சொல்வது முழு உண்மை.

சென்ட்ரிங் மேற்பார்வை:
எல்லோரும் சுவரைப் பற்றியே பேசுகிறீர்கள். தளத்தில் உள்ள பைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், என் வேலை அங்கேதான்.

கம்பி கட்டி முடித்த பிறகு பைப்பைக் கம்பிக்கு நடுவே கட்டுவார்கள். கான்கிரீட் போடும் அன்று ஆட்கள் அதன்மேல்தான் நடப்பார்கள், வைப்ரேட்டர் முனை அதில்தான் இடிக்கும். மீடியம் பைப்பாக இருந்தால் சில இடங்களில் நசுங்கி முட்டை வடிவமாகிவிடும். ஜாயிண்ட்டில் பசை சரியாக ஒட்டாமல் இருந்தால் சிமெண்ட் பால் உள்ளே இறங்கிக் கட்டியாகிவிடும். தனி வயருக்கு இதெல்லாம் பெரிய தடை இல்லை, சந்து பார்த்துப் போய்விடும். 10 எம்எம் உருண்டைக் கேபிள் 17 எம்எம் பைப்பில், அதுவும் நசுங்கிய இடத்தில், நிச்சயம் நிற்கும். எனவே ஏற்கெனவே போட்ட தளப் பைப்பில் 3 கோர் வேண்டாம். மேலூர்க்காரரே, இதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்.

இன்னொன்று வெயில். மொட்டை மாடித் தளம் சித்திரை, வைகாசியில் வாங்கும் சூட்டில், அதற்குள் இருக்கும் பைப்புக்கு 40 டிகிரி என்று கணக்குப் போடுவது போதாது.

கரண்ட் கணக்கு:
சரியான குறிப்பு. 50 டிகிரிக்கு அந்தப் பெருக்கெண் 0.71. 2.5 ஸ்கொயர் உறைக் கேபிள் 16 ஆம்பியரில் வந்து நிற்கும். ஏசி லைனைத் தளத்தின் வழியாகக் கொண்டுபோகாமல், டிபியிலிருந்து சுவர் வழியாகவே லிண்டல் மட்டத்தில் கொண்டுபோவது நல்லது. தளம் வழியேதான் போக வேண்டுமென்றால் 4 ஸ்கொயர் போடுங்கள்.

காரைக்குடி கைவினை:
எனக்கு ஒரு யோசனை. கடையில் 3 கோர் கேபிள் மீட்டர் கணக்கில் மலிவாகக் கிடைத்தால், மேல் உறையை உரித்து எறிந்துவிட்டு உள்ளே இருக்கும் வயரை மட்டும் பைப்பில் இழுத்துவிடலாமே? இடமும் மிச்சம், நிறமும் சரியாக இருக்கும். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் அப்படிச் செய்ததைப் பார்த்தேன்.

வயர்மேன் பொள்ளாச்சி:
வேண்டாம் ஐயா. உரிக்கும்போது கத்தி உள் இன்சுலேஷனில் எங்கே கீறியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நீளமாக உரித்தால் கீறாமல் இருக்காது.

கரண்ட் கணக்கு:
கீறாமல் உரித்தாலும் கூடாது. தனி வயராக விற்கும் வயரில் அளவு, வோல்டேஜ், தரக்குறி எல்லாம் அதன் மேலேயே அச்சாகியிருக்கும். 3 கோர் கேபிளில் அந்த அச்சு மேல் உறையில்தான் இருக்கிறது. உரித்து எறிந்துவிட்டால் உள்ளே இருப்பது இன்ன வயர் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. உள்வயரின் இன்சுலேஷன், மேலே ஓர் உறை இருக்கும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டது. அமெரிக்காவில் இதே காரணத்துக்காக வீட்டுக் கேபிளை உரித்துப் பைப்பில் விடுவதை ஏற்பதில்லை. சேர்த்துப் பார்த்தால் விலையிலும் பெரிய லாபம் இருக்காது. தனி வயர்தான் பொதுவாக மலிவு.

உறையை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பைப்புக்குள்ளேயே உறை முடிந்துவிடக் கூடாது. பாக்ஸுக்குள் ஓர் அங்குலமாவது உறையோடு வந்து, அதன்பிறகுதான் உரிக்க வேண்டும். மெட்டல் பாக்ஸ் என்றால் ஓட்டையில் ரப்பர் குரோமெட் (வளையம்) கட்டாயம்.

புதுவீடு மேலூர்:
வீட்டுக்குள் தனி வயர்தான் என்று முடிவு செய்துவிட்டோம். அப்பாவும் ஒத்துக்கொண்டார். மிச்சம் இருப்பது மோட்டார். ஸ்டார்ட்டர் பேனல் பின்பக்கச் சுவரில். அங்கிருந்து போர்வெல் 60 அடி. போர்வெல்லுக்குள் மோட்டார் 150 அடி ஆழத்தில். 1.5 ஹெச்பி, சிங்கிள் பேஸ். பேனலிலிருந்து போர்வெல் வாய் வரை மண்ணுக்குள் பைப் புதைத்து, அதற்குள் தனி வயர் இழுக்கலாமா? அங்கேயும் தனி வயர்தான் நல்லதா?

வயர்மேன் பொள்ளாச்சி:
அங்கே தனி வயர் கூடவே கூடாது தம்பி. இங்கேதான் உறை போட்ட கேபிளுக்கு வேலை இருக்கிறது.

மண்ணுக்குள் போடும் பைப்பில் தண்ணீர் இறங்காமல் தடுக்க முடியும் என்று நினைக்கிறவர்கள் ஒரு மழைக்காலம் முடிந்து அதைத் திறந்து பார்க்கட்டும். பசை போட்டு ஒட்டியிருந்தாலும் வாய் வழியே போகும். வெயிலில் சூடாகி இரவில் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்றின் ஈரமே தண்ணீராக வடியும். வீட்டுக்குள் போடும் தனி வயரின் மெல்லிய இன்சுலேஷன் அந்தத் தண்ணீரில் வருடக்கணக்கில் ஊறிக் கிடந்தால், கரண்ட் மண்ணுக்குக் கசிய ஆரம்பிக்கும். ஆர்சிசிபி அடிக்கடி விழும். ஏன் விழுகிறது என்றே தெரியாமல் அதைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். அங்கிருந்து ஆபத்து தொடங்கும்.

மோட்டாருக்குள் போகும் ஃப்ளாட் கேபிள் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கவே செய்யப்பட்டது. அதையே அறுக்காமல், ஜாயிண்ட் இல்லாமல், போர்வெல் வாயிலிருந்து பேனல் வரை கொண்டு வந்துவிடுங்கள். பைப் 32 எம்எம் அல்லது 40 எம்எம் ஹெச்டிபிஇ (ஒரு வகைப் பிளாஸ்டிக்). அது சுருளாக வரும், நடுவில் ஜாயிண்ட்டே இருக்காது. இரண்டரை அடி ஆழம். கார் ஏறும் இடம் என்றால் மேலே செங்கல் பரப்புங்கள். முனைகளை மண்மட்டத்துக்கு மேல் தூக்கிக் கீழ்நோக்கி வளைத்து விடுங்கள், மழைத் தண்ணீர் நேரே இறங்காது. வெயில் படும் இடத்தில் வெள்ளை பிவிசி பைப் வேண்டாம், சில வருடத்தில் நொறுங்கும்.

கரண்ட் கணக்கு:
அமெரிக்க விதியிலும் இதே எண்ணம்தான். வெளியே ஈரம் படும் இடத்திலோ மண்ணுக்குள்ளோ போகும் பைப்பின் உட்புறத்தையும் ஈரமான இடமாகவே கருத வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அங்குள்ள வீட்டுக் கேபிளுக்குள் காகிதம் சுற்றியிருக்கும். தண்ணீர் பட்டால் அது திரிபோல உறிஞ்சி நெடுந்தூரம் கொண்டுபோகும். அதனால் அந்தக் கேபிளை வெளிப் பைப்பில் விட அனுமதியே இல்லை. உறை இருக்கிறது என்பது மட்டும் போதாது, எந்த இடத்துக்கான உறை என்பதுதான் கேள்வி. நீங்கள் கடையில் பார்த்த சிவப்பு, கறுப்பு, பச்சை ரவுண்ட் கேபிளையும் மண்ணுக்குள் விடாதீர்கள். அது நீரில் கிடக்கச் செய்யப்பட்டதல்ல.

கேபிள் அளவையும் பாருங்கள். 60 அடியும் 150 அடியும் சேர்த்துச் சுமார் 64 மீட்டர். போய் வர 128 மீட்டர். 2.5 ஸ்கொயர் நெகிழ்கம்பிக் கேபிளின் தடை கிலோமீட்டருக்கு 7.98 ஓம். மொத்தம் 1.02 ஓம். மோட்டார் 10 ஆம்பியர் எடுத்தால் 10 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் கரண்ட் பல மடங்கு ஏறும்போது அது இன்னும் அதிகம். உங்கள் பகுதியில் மாலையில் வோல்டேஜ் 200க்கு இறங்கும் என்றால் மோட்டார் திணறும். 4 ஸ்கொயர் போட்டால் கிலோமீட்டருக்கு 4.95 ஓம், இழப்பு 6 வோல்ட்டுக்கு இறங்கும். விலை வித்தியாசத்தை மோட்டார் ரீவைண்டிங் செலவோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

டோர்ட்முண்ட் தமிழன்:
இங்கேயும் மண்ணுக்குள் என்ஒய்எம் போடுவதில்லை. அதற்குக் கறுப்பு நிறத்தில், தடித்த உறையோடு என்ஒய்ஒய் என்று வேறு கேபிள். வீட்டுக்குள் ஒன்று, மண்ணுக்குள் ஒன்று என்று கேபிளே பிரிந்துவிடுகிறது.

மாடிச் சூரியன்:
திருப்பூரில் மாடி சோலார் பொருத்தும் வேலை பார்க்கிறேன். 2024இல் பிஎம் சூர்ய கர் திட்டம் வந்த பிறகு நிறைய வீடுகளில் கேட்கிறார்கள். புது வீடு என்பதால் சொல்கிறேன், இப்போதே மொட்டை மாடியிலிருந்து மீட்டர் போர்டு பக்கம் வரை 32 எம்எம் காலிப் பைப் ஒன்று இறக்கி வையுங்கள். சோலார் பேனலிலிருந்து வரும் டிசி (நேர்மின்சார) கேபிளும் உறை போட்டதுதான், இரட்டை இன்சுலேஷன். அதையும் பைப்பில்தான் கொண்டுவருவோம். ஆனால் வீட்டின் சாதாரண மின்சார வயர் ஓடும் பைப்பில் அதைச் சேர்க்கக் கூடாது. டிசிக்கு என்று தனிப் பைப். மேலே ஒட்டுக் காகிதத்தில் "சோலார் டிசி" என்று எழுதி வைத்தால் பின்னால் வருபவருக்கு உதவும்.

சிசிடிவி, இன்டர்நெட் கேபிளுக்கும் அப்படியே தனிப் பைப் விடுங்கள். கரண்ட் பைப்பில் அவற்றைச் சேர்க்க வேண்டாம்.

யாழ்வாசி:
காலிப் பைப்புக்குள் ஒரு நைலோன் கயிறும் இப்போதே விட்டு வையுங்கள். பிறகு தேட வேண்டியதில்லை.

புதுவீடு மேலூர்:
எல்லாவற்றையும் எழுதி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தேன். வீட்டுக்குள் தனி வயர், ஏசி ஒவ்வொன்றுக்கும் கீஸருக்கும் தனித்தனிப் பைப், சுவர் வழியாக. மோட்டாருக்கு 4 ஸ்கொயர் ஃப்ளாட், ஹெச்டிபிஇ பைப்பில். சோலாருக்குக் காலிப் பைப். அவரும் ஏற்றுக்கொண்டார், இழுக்கும் வேலை குறையும் என்று அவருக்கும் மகிழ்ச்சிதான்.

கடைசியாக ஒன்று. மோட்டாரின் ஃப்ளாட் கேபிளில் மூன்று கோர்தான். சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிளுக்கு மூன்றும் மோட்டாருக்கே போய்விடுகிறது, ஸ்டார்ட், ரன், காமன் என்று. அப்படியானால் எர்த் எங்கே?

வயர்மேன் பொள்ளாச்சி:
நல்ல கேள்வி, நிறைய இடத்தில் விட்டுவிடுகிறார்கள். எர்த் தனியாகப் போக வேண்டும். அதே ஹெச்டிபிஇ பைப்பில் ஃப்ளாட் கேபிளோடு சேர்த்து ஒரு பச்சை வயர், 4 ஸ்கொயர், பேனலின் எர்த் முனையிலிருந்து போர்வெல் வாய் வரை. எர்த் வயர் ஈரத்தில் கிடந்தால் கரண்ட் கசிய அதில் எதுவும் இல்லை, ஆனாலும் செம்பு அரிக்காமல் இருக்க இன்சுலேஷன் உள்ளதாகவே போடுங்கள். இரண்டு சேர்வதால் முன்பு சொன்னதில் 40 எம்எம் பைப்பையே போடுங்கள், 32 வேண்டாம்.

போர்வெல் வாயில் இரும்பு கேசிங் இருந்தால் அதில் கிளாம்ப் போட்டு இணையுங்கள். மோட்டார் ஜிஐ பைப்பில் தொங்கினால் அந்தப் பைப்போடும் இணைத்துவிடுங்கள், மோட்டார் உடம்புக்கு அதன் வழியே எர்த் கிடைக்கும். ஹெச்டிபிஇ அல்லது யூபிவிசி காலம் பைப்பில் (தண்ணீர் மேலே வரும் பிளாஸ்டிக் பைப்) தொங்கினால் அது உதவாது. மோட்டார் உடம்பிலிருந்தே ஒரு பச்சை வயரை, தண்ணீருக்கு ஏற்றதாக, ஃப்ளாட் கேபிளோடு கட்டி மேலே கொண்டுவர வேண்டும். மோட்டாரை இறக்குவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள், இறக்கிய பிறகு சொன்னால் மறுபடி தூக்க வேண்டும். பேனலில் இணைக்கும் முனைகளுக்கெல்லாம் லக் (உலோக முனைப்பூண்) அடிக்கச் சொல்லுங்கள். நெகிழ்கம்பியை அப்படியே திருகில் வைத்து முடுக்கினால் கொஞ்ச நாளில் தளர்ந்து சூடாகும்.